மேற்படி இடது கை

மேலகரம்,
12-6-1936

சிரஞ்சீவி மைத்துனன் இசக்கியப்பனுக்கு ஆவுடைநாயகம் ஆசீர்வாதம். நானும் உன் அக்காள் குருவம்மாளும் மகள் வள்ளித்தாயும் நலம். உன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தவிர மற்ற எல்லோரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்த வருஷம் சாரல் பத்து நாள் முந்திவிட்டது. தென்காசி ரயிலடியில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் மற்ற ஜில்லாக்களில் குளிப்பதற்குத் தண்ணீரே கிடையாது என்று தோன்றும். பத்திர ஆபீஸிலும் கூட்டம். குற்றாலத்தில் குளித்தவன் குளிர் விடுவதற்குள் ஒரு நிலத்தைக் கிரயம் செய்துகொண்டு போகிறான். இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன், இவ்வளவு வேலை பார்த்ததில்லை.

விஷயம் இரண்டு. முதலாவது முக்கியமானது. அச்சன்புதூர் அய்யாக்குட்டி தன் மகன் மாடக்கண்ணுவுக்கு வள்ளித்தாயைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார். பையன் போலீஸில் கான்ஸ்டபிள். நல்ல உயரம். அய்யாக்குட்டி எதையும் இரண்டு தடவை விசாரிக்கிற மனிதர். மாடு வாங்கினாலும் அதன் தாயைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார் என்கிறார்கள்.

இரண்டாவது அற்ப விஷயம். சித்திரையிலிருந்து என் இடது கையில், சுண்டுவிரலில் தொடங்கி முழங்கை வரை, எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. பார்த்தால் எறும்பு இல்லை. ஆபீஸில் அடிக்கடி கையைத் தட்டிவிட்டதில், சப்-ரிஜிஸ்திரார் நான் அவரைப் போகச் சொல்லிச் சைகை செய்வதாக நினைத்துக்கொண்டார். ஜவுளிக்கடை மசூது இது பித்தம் என்கிறார். பூசாரி நாகதோஷம் என்கிறார். உன் அக்காள், "எழுதி எழுதித்தான் இப்படி" என்கிறாள். நான் எழுதுவது வலது கையால் என்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.

நீ கம்பவுண்டர் ஆயிற்றே, ஏதாவது தைலம் சொல். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் பேச முடியாது, நினைவிருக்கட்டும்.

ஆவுடைநாயகம்


மிஷன் ஆஸ்பத்திரி, மருதம்பட்டி,
19-6-1936

அன்புள்ள அத்தானுக்கும் அக்காளுக்கும் இசக்கியப்பன் வணக்கம். இங்கே நான் சுகம். நோயாளிகளும் முன்னைக்கு இப்போது சுகம்.

வள்ளித்தாய் விஷயம் சந்தோஷம். தாங்கள் அற்பம் என்று எழுதியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோலின் மேல் ஒன்றும் இல்லாமல் ஊர்வது, எரிவது, ஊசி குத்துவது, மரத்துப்போவது இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. நீரிழிவாக இருக்கலாம்; சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பாருங்கள். ஆலையில் தீட்டிய அரிசியையே தின்றாலும் நரம்பு வலுவிழக்கும். சிரங்காக இருந்தால் விரலிடுக்கில் அரிப்பு எடுக்கும். வீட்டில் எல்லோருமே சொறிவார்கள். நாள் முழுக்க மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாலும் சுண்டுவிரல் மரக்கும். தங்கள் தொழிலில் அதற்கு இடமுண்டு. வெறும் கவலையாலும் ஊரும். இவற்றில் பாதி தானாகவே போய்விடும்.

போகாத காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கார்டில் எழுத முடியாது. கவரிலும் எழுத எனக்கு இஷ்டமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, கையின் பல இடங்களில் அக்காளைக் கோழி இறகால் தொடச் சொல்லுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள். பிறகு ஒரு செம்பில் வெந்நீரும் ஒரு செம்பில் பச்சைத் தண்ணீரும் வைத்து, எது எது என்று சொல்லிப் பாருங்கள். கையில் வெளிறிய தேமல் மாதிரி ஏதாவது உண்டா? அதில் வேர்க்கிறதா? இதற்குப் பதில் அவசியம் வேண்டும்.

எனக்கு லீவு கிடைப்பதில்லை.

இசக்கியப்பன்


மேலகரம்,
1-7-1936

சிரஞ்சீவி இசக்கியப்பனுக்கு. எல்லோரும் நலம். வள்ளித்தாய்க்கு மட்டும் சாரலில் நனைந்து சளி.

நீ சொன்னபடி பரீட்சை நடந்தது. கொல்லைப்புறத்தில் எறும்பு எதுவும் வரவில்லை. ஆக நீரிழிவு தள்ளுபடி. வீட்டில் என்னைத் தவிர யாரும் சொறியவில்லை. இறகுப் பரீட்சைதான் தகராறில் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் உன் அக்காள் ஒன்றும் செய்யாமல் இருந்தாள்.

"ஏட்டி, தொடு."

"தொட்டுக்கிட்டுல்லா இருக்கேன்."

"எங்கன தொடுத? பொய் சொல்லுத."

"கண்ணத் தொறந்து பாருங்க. கோழியே வந்து மேல உக்காந்தாலும் உங்களுக்குத் தெரியாது போல."

பத்துத் தடவையில் நாலு தடவை சரியாகச் சொன்னேன். மற்ற ஆறு தடவை அவள் சரியாகத் தொடவில்லை என்பது என் தீர்மானம். செம்புப் பரீட்சையில் வெந்நீர்ச் செம்பு எதுவென்று உன் அக்காளுக்கே மறந்துவிட்டதால் அது செல்லாது.

தைலம் கேட்டால் நீ கேள்வி அனுப்புகிறாய். இங்கே ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கும் மாடன் என்பவன் கையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். "அண்ணாச்சி, இது நரம்புக்குள்ள பூந்த காத்து. நாப்பத்தெட்டு நாள் அருவி அடிச்சா ஓடிப் போயிரும்." அவன் நாற்பத்தெட்டு நாள் எண்ணெய் தேய்க்கப்போகிறவன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவன் கேள்வி கேட்கவில்லை.

நாளை முதல் ஆரம்பம். அய்யாக்குட்டி ஆடி கழிந்து பெண் பார்க்க வருகிறார்.

ஆவுடைநாயகம்


மருதம்பட்டி,
9-7-1936

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம். வள்ளித்தாய்க்குச் சளி நீங்கியிருக்கும்.

அருவியில் குளிப்பதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் அந்த ஆறு தடவையும் அக்காள் சரியாகத்தான் தொட்டிருக்கிறாள். இங்கே தினமும் நான் அந்த இறகோடுதான் நிற்கிறேன். சரியாகத் தொடவில்லை என்று தொட்டவரைத் திட்டாத நோயாளியை நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். முழங்கையின் உள்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடும். கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்குமே, அது. முதலில் வலது கையில் அதைத் தடவிப் பாருங்கள். பிறகு இடது கையில். இடது நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால் அன்றைக்கே ரயில் ஏறிவிடுங்கள். இங்கே டாக்டர் நல்லவர். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுகிறார். வலிக்கும், ஆனால் சீக்கிரம் வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். நாள் கடத்தி வந்தவர்களும் திரும்பினார்கள், சில விரல்களை இங்கேயே விட்டுவிட்டு.

தேமல் உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

என்னிடம் கவர் தீர்ந்துவிட்டது. அவசரம் என்பதால் ஆஸ்பத்திரிக் கவரில் அனுப்புகிறேன்.

இசக்கியப்பன்


மேலகரம்,
27-8-1936

சிரஞ்சீவி இசக்கியப்பனுக்கு. நலம். ரொம்பவும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முப்பதாம் நாள் ஊர்வது குறைந்தது. நாற்பத்தோராம் நாள் அடியோடு நின்றது. இப்போது ஐந்தருவியின் கீழே நின்றால் வலது தோளில் கல் விழுவது போல் விழுகிறது. இடது கையில் ஒன்றுமே விழாதது போல் இருக்கிறது. அவ்வளவு சுகம். மாடனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். நீயும் உன் டாக்டரும் அந்த ஊசிகளை மூட்டை கட்டிவிட்டு இங்கே வந்து எண்ணெய் தேய்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

இனிமேல் உன் ஆஸ்பத்திரிக் கவரில் எனக்குக் கடிதம் எழுதாதே. அந்தக் கவரின் நான்காவது வரியில், அது எந்த வியாதிக்கு ஏற்பட்ட ஆஸ்பத்திரி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. தபால்காரர் அதை வாசலில் நின்று கொடுத்தார். கொடுக்கும்போது முனையைப் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் மசூது கடையில் நான் தொட்டுப் பார்த்த துணியை அவர் மடிக்காமல் தனியே வைத்தார். ஆடி கழிந்ததும் அய்யாக்குட்டி பெண் பார்க்க வந்து, பெண்ணைக் கொஞ்ச நேரமும் என் கைகளை வெகுநேரமும் பார்த்தார். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

நீ அங்கே கம்பவுண்டர் வேலை பார்க்கிறாய் என்று விளக்கினேன். "அப்படியா, எந்த வியாதிக்கு?" என்று கேட்டார். எல்லா வியாதிக்கும் என்றேன்.

ஆவுடைநாயகம்


மருதம்பட்டி,
3-9-1936

அத்தானுக்கு வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கவர் என் தப்பு. மன்னிக்க வேண்டும்.

ஊர்வது நின்றதற்குச் சந்தோஷப்படாதீர்கள். ஊர்ந்தவரை நரம்புக்கு உயிர் இருந்தது. இப்போது அது பேசுவதை நிறுத்திவிட்டது. அருவி விழுவது தெரியவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அடுப்பு, வெந்நீர், சுருட்டு மூன்றிடமும் இடது கையைக் கொண்டுபோகாதீர்கள். சுட்டால் கை தங்களுக்குச் சொல்லாது.

கடிதம் கண்டதும் புறப்படுங்கள். வள்ளித்தாய் கல்யாணத்துக்கு முன்பே திரும்பிவிடலாம்.

இசக்கியப்பன்


மேலகரம்,
13-12-1936

அருமைத் தம்பி இசக்கியப்பனுக்கு அக்காள் குருவம்மாள் சொல்ல, மசூது வீட்டு ஷமீம் பானு எழுதியது. நான் கான்வென்டில் படித்தவள் என்பதால் உங்கள் அக்கா என்னிடம் வந்தார்கள். என் வீட்டுக்காரர் துணியைத் தனியே எடுத்து வைத்ததற்கு நான் அவரோடு சண்டை போட்டுவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். இனி அக்கா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

தம்பி, சுகமா இருக்கியா? மூணு மாசமா உங்க அத்தான் ஒனக்கு எழுதலன்னு எனக்குத் தெரியாது. எழுதியாச்சுன்னுதான் எங்கிட்ட சொன்னாக.

நேத்து சாப்பிட்டுட்டு உக்காந்து சுருட்டு குடிச்சாக. நான் உள்ள பாத்திரம் கழுவுதேன். "என்னட்டி, அடுப்புல என்னமோ கருகுது"ன்னாக. அடுப்புல ஒண்ணுமே இல்லையேன்னு வெளிய வந்து பாத்தா, கருகுனது அவுக வெரலு. சுருட்டு அடி வரைக்கும் எரிஞ்சு ரெண்டு வெரலுக்கு ஊடால கெடக்கு. அவுக என்னயப் பாத்து மொறைக்காக. நான் அழுதேன். "சத்தம் போடாத, வள்ளி காதுல விழும்"னாக. கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு, சட்டக் கைய இழுத்து விட்டுக்கிட்டாக.

தேமல் இருக்கான்னு நீ கேட்டியாம்ல? போன வருசத்துல இருந்தே இருக்கு, தம்பி. முழங்கைக்குக் கீழ, வெத்தல அகலத்துக்கு. அதுல முடி கெடையாது. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. சத்தியத்த மீறிட்டேன். எழுதுனது பானுதான, நானா எழுதுனேன்.

ஊருல பெரிய வியாதின்னு பேச்சு. அய்யாக்குட்டி அண்ணாச்சி நேரா வந்து கேட்டுட்டாரு. "பங்குனியில அம்மன் கோயில் கொடையில ஒத்தக் கையில தீச்சட்டி எடும் மச்சான், வேப்பிலை வைக்காம. அசுத்தப்பட்ட ஒடம்பா இருந்தா அம்மன் கைய எரிச்சிருவா. எரியலன்னா சித்திரையில தாலி." இவுக சரின்னுட்டாக. எல்லாரும் என்னமோ இவுக தைரியத்தப் பேசுதாக. நான் வலது கையில எடுங்கன்னேன். "இடது கையத்தாம்ட்டி சந்தேகப்படுதாக"ன்னு சிரிக்காக.

நீ ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாக.

குருவம்மாள் (கைநாட்டு)


மருதம்பட்டி,
22-12-1936

அத்தானுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். வெறும் கவரில்தான் அனுப்புகிறேன்.

நான் இங்கே கம்பவுண்டராக வரவில்லை. 1933 ஆடியில் என் வலது தொடையில் ஒரு இடம் மரத்திருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஏறும்போது அந்த இடத்தில் முள் கிழித்து ரத்தம் வழிந்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரி வேலை என்று உங்களிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து குஷ்ட நோயாளியாகச் சேர்ந்தேன். வாரம் இரண்டு ஊசி. போட்டுக்கொண்டே போடவும் கற்றேன். போன வருஷம் டாக்டர் என் தோலைச் சுரண்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்து, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். என் விரல்கள் பத்தும் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை அவைதான் எழுதுகின்றன.

வள்ளித்தாய்க்கு நல்ல இடம் அமையும் வரை ஊருக்கு வரக்கூடாது என்று இருந்தேன். லீவு எப்போதும் கிடைக்கும்.

தீச்சட்டியைச் சுகமான கை தாங்காது. சுகமான கையாக இருந்தால் அரை நிமிஷத்தில் கீழே போட்டுவிடும். அய்யாக்குட்டி வைத்திருக்கும் பரீட்சையில் இந்த வியாதிக்காரன்தான் தேறுவான். தேறியபின் அந்தக் கை என்னவாகும் என்று தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து வாருங்கள். நானே தங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். யாரும் முனையைப் பிடித்து எதையும் கொடுக்காத இடம் இது ஒன்றுதான்.

இசக்கியப்பன்


மேலகரம்,
9-1-1937

இசக்கியப்பனுக்கு ஆவுடைநாயகம் எழுதிக்கொடுத்தது என்னவென்றால்,

உன் கடிதம் நாளது தேதியில் படிக்கப்பட்டு, உடனே எரிக்கப்பட்டது. உன் அக்காளுக்குச் சொல்லப்படவில்லை.

எனக்கு எந்த வியாதியும் கிடையாது. அப்படி ஏதும் இருக்குமானால் அது உன்னிடமிருந்து ஒட்டியதாகத்தான் இருக்க முடியும். நீ எங்கள் வீட்டில் தங்கிப் படித்த ஆறு வருஷமும் ஒரே பாயில் படுத்திருக்கிறோம்.

மேற்படி இடது கையில் ஊறல், எரிச்சல், வலி முதலிய எவ்வித வில்லங்கமும் இல்லை. இந்த ஊரில் இவ்வளவு தொந்தரவில்லாத கை வேறு ஒருவனுக்கும் கிடையாது.

பங்குனிக் கொடையில் சட்டி எடுப்பது நிச்சயம். சித்திரையில் கல்யாணம். வள்ளித்தாய்க்கு இது பதினெட்டாவது வயது. இந்த வரன் தட்டிப்போனால் காரணம் நான்கு ஊருக்குத் தெரிந்துவிடும், அதன்பின் ஐந்தாவது ஊர் கிடையாது. நீ உன் நோயைப் பற்றி யோசிக்கிறாய். நான் அவளைப் பற்றி யோசிக்கிறேன்.

ஆகவே நீ கல்யாணத்துக்கு வரவேண்டாம். தாய்மாமன் செய்யவேண்டிய முறைகளைப் பங்காளி ஒருவரைக் கொண்டு செய்துகொள்வோம். உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காய்ச்சல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவுடைநாயகம்


மேலகரம்,
16-5-1937

சிரஞ்சீவி இசக்கியப்பனுக்கு ஆசீர்வாதம். உன்னிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. கல்யாணத்துக்கு வராமல் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய்.

எல்லாம் அம்மன் அருளால் முடிந்தது. கொடையன்று ஒன்பது பேர் சட்டி எடுத்தோம். எட்டுப் பேர் இரண்டு கையிலும் வேப்பிலையை அடுக்கி, துள்ளிக்கொண்டும் கத்திக்கொண்டும் ஓடினார்கள். நான் இடது உள்ளங்கையில் வெறுமனே வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போவது போல நடந்தேன். ஒரு சுற்று என்று பேச்சு. மூன்று சுற்று போனேன். நடுவில் நின்று அய்யாக்குட்டியிடம் வெயில் எப்படி என்று விசாரித்தேன். அவர் அப்படியே தெருவில் விழுந்து கும்பிட்டுவிட்டார். கூட்டம் குலவை போட்டது. மசூது ஒரு பட்டு வேட்டியைத் தன் கையாலேயே என் தோளில் போட்டார்.

சித்திரை பதினைந்தில் வள்ளித்தாய் கல்யாணம் சிறப்பாக நடந்தது. இப்போது அச்சன்புதூரில் இருக்கிறாள். உன் காய்ச்சலை எல்லோரும் விசாரித்தார்கள்.

காலையில் வாசலில் ஆட்கள் திருநீற்றுக்கு நிற்கிறார்கள். கை கால் மரக்கிறது, ஊர்கிறது என்று நேற்றுக்கூட மூன்று பேர் வந்தார்கள். ஐந்தருவிக்கு அனுப்பிவைத்தேன்.

ஆடிக் கொடைக்கு அச்சன்புதூரிலேயே சட்டி எடுக்க வேண்டும் என்று சம்பந்தி பிரியப்படுகிறார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். மகளை அந்த வீட்டில் விட்டிருக்கிறேன். கையில் சிறிய புண். ஆடி கழியட்டும், உன் டாக்டரை ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஆவுடைநாயகம்

[இதே கவருக்குள் மடித்து வைத்த துண்டுத்தாள்]

ஷமீம் பானு எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடும்படி உங்கள் அத்தான் அக்காவிடம் கொடுத்தார்; அக்கா என்னிடம் கொண்டுவந்தார்கள். சிறிய புண் இல்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. வீட்டுக்குள் போனால் சாம்பிராணிப் புகையையும் மீறி வாடை வருகிறது. அவர் பட்டு வேட்டியால் சுற்றிக்கொண்டு திருநீறு கொடுக்கிறார். வலி இல்லை என்று சிரிக்கிறார். வள்ளித்தாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.


மருதம்பட்டி,
24-5-1937

சௌபாக்கியவதி வள்ளித்தாய்க்கு மாமன் இசக்கியப்பன் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் வீட்டுப் பெரியவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இதை உன் கையில் மட்டும் கொடுக்கும்படி ஷமீம் பானு மூலம் அனுப்புகிறேன்.

உன் கல்யாணத்துக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். காய்ச்சல் இல்லை.

[இந்த இடத்தில் இசக்கியப்பன் ஒரு முழுப் பக்கத்துக்கு, தன் தொடையில் மரத்த இடத்திலிருந்து கறுத்த இரண்டு விரல்கள் வரை, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான்.]

ஒரு வருஷமாக உன் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் இருவரும் எல்லாம் செய்தோம். நான் வாயை மூடிக்கொண்டதும் உனக்காக, அவர் சட்டியைத் தூக்கியதும் உனக்காக. உன்னிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். அவருக்குப் போகிற விரல் இரண்டு. ஆடியில் இன்னொரு சட்டி எடுத்தால் புண் மேலே ஏறும், கையோடு நிற்காது, ஆளே போய்விடுவார். அவரை அழைத்துவர நான் வந்தால் ஊருக்குத் தெரியும். வராவிட்டால் உன் வீடு உனக்கு இருக்கும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

இசக்கியப்பன்


மேலகரம்,
11-6-1937

அன்புள்ள மாமாவுக்கு வள்ளித்தாய் வணக்கம். நான் சுகம். அம்மா சுகம். அப்பா எழுந்து நடமாடுகிறார்.

நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். நாலாம் நாள் அவர் டியூட்டியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியிருந்தார்.

"நீ எதுக்குட்டி இத எனக்குக் காட்டுத? கிழிச்சுப் போட்டுட்டு இருந்திருக்கலாம்லா?"

"ஆடியில எங்கப்பா சட்டி எடுக்கப் போறாவ. அத நீங்க நிப்பாட்டணும்."

"நிப்பாட்டுனா எங்க அய்யா ஏன்னு கேப்பாருல்லா?"

"கேக்கட்டும். சொல்லுங்க."

சொன்னார். மாமனார் கூடத்தில் நின்று கத்தினார். வியாதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அம்மனையே ஏமாத்திப்புட்டான்லே! என்னயத் தெருவுல விழுந்து கும்புட வச்சான்லே!" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். பரீட்சை வைத்தது அவர்தானே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் வண்டி கட்டி, என் பெட்டியோடு என்னை மேலகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை வண்டி வரை வந்தார். மாட்டின் கழுத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அழைக்க வருவாரா என்று தெரியாது. வராவிட்டாலும் வந்தாலும் இனி ஒன்றுதான்.

நட்ட நடுப்பகலில் வந்து இறங்கினேன். திருநீறு வாங்க நின்றவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் அப்பா மட்டும் தட்டோடு நின்றார். "ஏன் வந்த?" என்றார். சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டு வேட்டியை அவிழ்த்து, கையை என் முன்னால் நீட்டினார். நான் கேட்கவில்லை, அவராக நீட்டினார். அம்மா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்காப்பா?" என்றேன்.

"இல்லட்டி. ஒண்ணும் தெரியல. அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

17-ஆம் தேதி வியாழக்கிழமை புறப்படுகிறோம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும். அம்மாவையும் என்னையும் டாக்டர் பார்க்கட்டும். ஷமீம் அக்கா ரயிலடி வரை வருகிறார்கள். சாயங்கால வண்டியில் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அப்பா முதலில் சொன்னார். பிறகு அவரே, "யார் பாத்தா என்ன, இனி எதக் காப்பாத்த?" என்று சொல்லிவிட்டார். காலை வண்டிக்கே வருகிறோம்.

வள்ளித்தாய்